பட்டிப்பொலைப் பெரியம்மா

கணேசமூர்த்தி கணக்கப்பிள்ளையாகத் தேயிலை மலை பார்த்த காலத்தில், அக்கரப்பத்தனைப் பக்கத்து அட்டைகளுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. கடிப்போம் என்று ஓர் அட்டை தலையைத் தூக்கி, இடம் பார்த்து, மனத்தைத் திடப்படுத்திக்கொள்வதற்குள் மனுஷன் அடுத்த மலையில் நிற்பார். காலையில் ஆள் கூடும் பெரட்டில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பிவிட்டு நடக்கத் தொடங்கினாரென்றால் பொழுது சாயும்வரை நடைதான். மேல் மலையில் நின்று அவர் போட்ட சத்தத்தின் எதிரொலி கீழ் மலைக்கு வந்து சேர்ந்தபோது, அவரே முன்கூட்டி அங்கே வந்து நின்று, "யாருடா அது கத்துறது?" என்று கேட்டதாக ஒரு கதை உண்டு. கிளப்பிவிட்டது யாரென்று தெரியாது. ஆனால் தோட்டத்தில் யாரும் மறுத்ததில்லை.

பிறகு நிர்வாகம் அவரைக் கௌரவித்தது. மலையிலிருந்து இறக்கி ஆபீஸ் நாற்காலியில் உட்கார வைத்தது. போக வர ஒரு மோட்டார் சைக்கிளும் கொடுத்தது. நாற்காலியும் சைக்கிளுமாகச் சேர்ந்து சில வருஷங்களில் அவரைத் தின்று தீர்த்தன. தின்றது என்றால் இளைத்துப்போனார் என்று எண்ணிவிடக் கூடாது. வயிறு முதலில் ஆபீஸுக்குள் நுழைந்து, எல்லாருக்கும் வணக்கம் சொல்லி, சாயத்தண்ணி குடித்து முடித்த பிறகுதான் மிச்ச உடம்பு வந்து சேரும். அந்த உடம்புக்குள் சீனி ஏறியது. ஏறியது இறங்குகிற வழியைக் காணோம்.

ஒரு நாள் மாலை அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். மனைவி சிவகாமசுந்தரி தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். வீட்டைக் கூட்டிக்கொண்டு வந்தவள் துடைப்பத்தை நிறுத்தினாள். அவர் சப்பாத்துக்குள் போட்டிருந்த மேஸ் ரத்தத்தில் ஊறியிருந்தது. சப்பாத்தைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் ஓர் ஆணி ஏறி, நகைக்கடைக் கண்ணாடிக்குள் வைத்தது போலத் தலை பளபளத்துக்கொண்டிருந்தது.

"எப்பங்க குத்துச்சு?"

"என்னா குத்துச்சு?" என்று கேட்டார் கணேசமூர்த்தி.

இந்த ஒரு கேள்விதான். அன்றோடு அந்த வீட்டில் சிரிப்பு நின்றுபோனது.

அவருடைய அண்ணன் வடிவேல் உடப்புசல்லாவையில் இருந்தவர். அவருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் ஒரு விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முழங்காலுக்குக் கீழே. தவணை முறையில் அண்ணன் போய்க்கொண்டே இருந்தார். கடைசித் தவணைக்கு அவரே மிச்சமில்லை. அண்ணனுடைய ஒற்றைச் சப்பாத்துகள் கட்டிலுக்கடியில் கிடந்ததை கணேசமூர்த்தி பார்த்திருக்கிறார். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. கண்ணை மூடினால் மட்டும் வந்து நிற்கும்.

"எவிதின்ன ஓனே, மாத்தயா" என்று கிளினிக்கில் டாக்டர் சிங்களத்தில் சொன்னார். நடக்கத்தான் வேண்டுமாம். தினமும் காலைப் பார்க்க வேண்டும், விரலிடுக்கெல்லாம் பார்க்க வேண்டும், மேஸ் இல்லாமல் சப்பாத்துப் போடக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தவர், வீட்டில் ரிமோட்டைக் கையில் எடுத்தார். ஒரு காலத்தில் நடந்தே சூரியனைக் களைக்கவைத்த மனுஷனுக்குக் கட்டிலிலிருந்து கக்கூஸ் வரைக்கும் போவதே பாத யாத்திரையாகிவிட்டது. நடக்க ஆசையில்லை என்பதில்லை. நடந்தால் கால் நினைவுக்கு வந்தது. உட்கார்ந்தே இருந்தால் கால் என்று ஒன்று இருப்பதை மறந்துவிடலாம்.

மகள் நிலக்ஷி கொழும்பில் வேலைக்குப் போனபோது வீட்டிலிருந்த பேச்சையெல்லாம் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள் போலும். மிஞ்சியது இரண்டு வார்த்தைதான். "சாப்பாடு" என்பாள் சிவகாமசுந்தரி. "ம்" என்பார் இவர். தலவாக்கலை பஸ் ஸ்டாண்டில் வெவ்வேறு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இரண்டு பேர்கூட இதைவிட நெருக்கமாக இருப்பார்கள்.

ஒரு நாள் போனில் மகள் சொன்னாள், "வாரத்துல ஒரு நைட்டு அம்மாவும் நீங்களும் டேட் போங்கப்பா."

"அப்டின்னா?"

"ரெண்டு பேரு மட்டும் வெளிய போறது. இன்னும் கலியாணம் கட்டாத மாதிரி நெனச்சுக்கிட்டு."

"கலியாணம் கட்டாம போயிருந்தா ஒங்க தாத்தா என் கால ஒடச்சிருப்பாரு."

"அந்தக் காலக் காப்பாத்தத்தாம்பா சொல்றேன்" என்றாள் மகள். அவள் குரல் உடைந்ததை அவர் கேட்டார். கேட்காத மாதிரி இருந்துவிட்டார்.

அந்தத் தோட்டத்தில் ராத்திரியில் ஜோடியாக உலாவுகிறவை சிறுத்தைகள் மட்டும்தான். ஆகவே ராத்திரி, ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலாக மாற்றப்பட்டது. மகள் அனுப்பிய சப்பாத்தை அவர் போட்டார். அதன் செம்மஞ்சள் நிறம் தலவாக்கலை ஸ்டேஷனிலிருந்து பார்த்தாலும் தெரியும். ரயிலை நிறுத்தவும் பயன்படுத்தலாம். சிவகாமசுந்தரி சிறுபூப் போட்ட சேலை உடுத்தி, கொண்டையில் ஒரு ரோஜா வைத்துக்கொண்டு வந்தாள். இருவரும் குவாட்டஸை விட்டுக் கிளம்பி, குற்றம் செய்யப் போகிறவர்களைப் போலத் தலைகுனிந்து நடந்தார்கள்.

மலைத் தண்ணீர் கொட்டும் பீலியடியில் வேலாயி குடத்தோடு நின்றாள். கொழுந்தெடுக்கிற வேலையிலிருந்து வேலாயிக்கு ஓய்வு கொடுத்தாகிவிட்டது. அவளுடைய நாக்குக்கு மட்டும் இன்னும் கொடுக்கவில்லை.

"என்னா ஐயா, தூரமா?"

கிளம்புகிறவரை 'எங்கே' என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது. அதனால் அங்கே 'தூரமா?' என்றுதான் கேட்பார்கள். கேள்வி பசுமாடு மாதிரி சாதுவாக இருக்கும். பதில் வாங்காமல் வழியைவிட்டு நகராது. 'சும்மா நடக்கிறோம்' என்று சொல்ல முடியுமா? தோட்டத்தில் சும்மா நடக்கிறவன் ஒன்று பைத்தியம், இல்லாவிட்டால் தொரை. அதிலும் பெண்டாட்டியோடு, ரோஜாப்பூவோடு!

"பட்டிப்பொலைக்கு" என்றது கணேசமூர்த்தியின் வாய், அவரைக் கேட்காமலே. "நம்ம பெரியம்மாவுக்கு முடியல."

"ஆத்தாடி! என்னா செய்யுதாம்?"

"மூச்சு" என்றார்.

"படுத்த படுக்க" என்றாள் சிவகாமசுந்தரி.

கணேசமூர்த்தி திரும்பிப் பார்த்தார். அவள் முகம் கோயில் சிலை போல இருந்தது. வளைவு தாண்டியதும் தேயிலைச் செடி ஒன்றைப் பிடித்துக்கொண்டு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். செடி ஆடியது. பக்கத்துச் செடிகளும் ஆடின. மலையே கொஞ்சம் ஆடியிருக்கும்.

"இது அந்தப் பெரியம்மாதானே? கலியாணத்துக்கு முந்தி என்னையப் பாக்க உடப்புசல்லாவைக்கு வர்றதுக்குத் தொரைகிட்ட லீவு கேப்பீங்களே, அந்தப் பெரியம்மா!"

"அதே பெரியம்மாதான். அப்பவே சாகக் கெடந்துச்சு. இன்னும் இழுத்துக்கிட்டுக் கெடக்கு."

"பாவம். பேரு என்னாங்க?"

"நாகலெட்சுமி" என்றார், அந்த நொடியில் பெற்றெடுத்து.

அவர்கள் பட்டிப்பொலைக்குப் போகவில்லை. பஸ்ஸில் தலவாக்கலைக்குப் போய், அங்கிருந்து ரயில் பிடித்து யார் போவது? அந்தத் தூரத்துக்காகத்தான் பெரியம்மாவை அங்கே குடிவைத்ததே. யாரும் போய்ப் பார்த்துவிட முடியாது. பஸ் ரோட்டுக்கு இறங்குகிற மாதிரி இறங்கி, வளைவில் திரும்பி, குறுக்குப் பாதையில் மேல் மலைக்கு ஏறினார்கள். அங்கே கொழுந்து நிறுக்கிற மடுவம் இருந்தது. வாரம் பூராவும் கூச்சலாகக் கிடக்கும் அந்தத் தகரக் கொட்டகை, ஞாயிற்றுக்கிழமையில் தராசுக் கொக்கி மட்டும் காற்றில் ஆட, ஆளில்லாமல் இருக்கும். இள வயதுக் காதலர்கள்கூட அவ்வளவு உயரத்துக்கு ஏற மாட்டார்கள்.

அவர் ஒரு கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அந்த மூச்சில் மூன்று செடி வளைந்தது. அவள் எதிரே உட்கார்ந்து, "காலக் குடுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"குடுங்கன்னா."

கிளினிக்கில் சொன்ன நாளிலிருந்து அவர் காட்டாத காலை அன்று காட்டினார். கொழுந்துக் கூடையில் முற்றிய இலையைத் தேடுகிற கண்ணோடு அவள் ஒவ்வொரு விரலாக விலக்கிப் பார்த்தாள். அவர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கை தன் காலில் இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லவில்லை. சொன்னால் ரோஜாப்பூ வாடிவிடும் என்று தோன்றியது.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் பெரியம்மாவைப் பார்க்கக் கிளம்பினார்கள். மலை ஏற ஏறப் பெரியம்மாவும் வளர்ந்தாள். அவளுக்கு வெற்றிலைப் பழக்கம் உண்டென்றார் அவர். இரண்டு புருஷன் என்றாள் இவள். இரண்டாவது புருஷன் ரயிலில் வேலை பார்த்தவன், பட்டிப்பொலை ஸ்டேஷனில் ரயில் நின்ற நேரத்தில் அவளைக் கண்டு, இறங்கி, ரயிலையே மறந்துவிட்டான் என்றார் அவர். 'ரயில் இன்னும் அங்கதான் நிக்குதா?' என்று இவள் கேட்க, இருவரும் ஒருவரையொருவர் தள்ளிவிட்டுக்கொண்டு சிரித்தார்கள். ஐம்பதைத் தாண்டிய அவரும், டீச்சர் என்று ஊரே பயப்படும் அவளும், மடுவத்துத் தராசில் ஆளுக்காள் தொங்கி எடை பார்த்தார்கள். அவர் தொங்கியபோது கூரை முனகியது.

பொய் வளர்ந்தால் சும்மா வளருமா? தொழிலாளர் லயத்துக் கிழவி ராக்காயி இஞ்சியும் கொத்தமல்லியும் இடித்துக் கொடுத்துவிட்டாள். இன்னொருத்தி பெரியம்மா வாய்க்கு ருசியாக முறுக்கு சுட்டுத் தந்தாள். அதைப் பெரியம்மாவின் சார்பில் இவர்களே மடுவத்தில் தின்றார்கள். அவருக்குப் பாதி முறுக்குத்தான், சிவகாமசுந்தரி கறாராக இருந்தாள். வேலாயியோ ஒரு படி மேலே போய், பெரியம்மா எழுந்து உட்கார்ந்தால் சேவல் அறுக்கிறேன் என்று முனியாண்டிக்கு நேர்ந்துகொண்டாள். அன்றுமுதல் அந்தச் சேவலின் கழுத்தும் பெரியம்மாவின் கழுத்தும் ஒரே கயிற்றில் தொங்கின. பெரியம்மா பிழைத்தால் சேவல் சாகும்; பெரியம்மா செத்தால் சேவல் பிழைக்கும். ஒவ்வொரு ஞாயிறும் அது வேலிமேல் ஏறி நின்று இவர்களைக் கவலையோடு பார்த்தது.

கணேசமூர்த்தி மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஆபீஸுக்கு நடந்தே போக ஆரம்பித்தார். வார நாளிலும் காலையில் ஒரு சுற்றுப் போனார். பழைய நடை முழுதாக வரவில்லை. ஆனால் அது இருந்த திக்கு தெரிந்தது.

பிறகு கிளினிக் நாள் வந்தது.

ரத்தம் கொடுத்துவிட்டு, கல்யாணப் பேச்சு முடிவுக்குக் காத்திருக்கும் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். இவ்வளவு நடந்ததற்குச் சீனி மலையடிவாரத்துக்கே ஓடியிருக்கும் என்பது அவர் எண்ணம். சீனி ஒரே ஒரு படி இறங்கி, திண்டு போட்டுச் சாய்ந்துகொண்டிருந்தது. அப்புறம் நர்ஸ் அவர் கண்ணை மூடச் சொல்லி, நைலோன் நூல் மாதிரி ஒன்றால் பாதத்தைத் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டாள்.

"தெரியுது" என்றார். கொஞ்சம் விட்டு, "இப்பவும் தெரியுது" என்றார்.

கண்ணைத் திறந்தபோது நர்ஸ் நூலைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். இரண்டாவது தடவை அவள் தொடவே இல்லை. சிவகாமசுந்தரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவருக்குப் பக்கத்தில் அண்ணன் வடிவேல் உட்கார்ந்து வந்த மாதிரி இருந்தது.

அடுத்த ஞாயிறு தலைவலி என்றார். அதற்கடுத்த ஞாயிறு மழை என்றார். மழை பெய்யவில்லை, மழை வரும் என்றார். மோட்டார் சைக்கிள் மறுபடியும் உறுமியது. மூன்றாவது ஞாயிறு சிவகாமசுந்தரி சிறுபூச் சேலையைக் கட்டிக்கொண்டு, ரோஜா வைத்துக்கொண்டு, செம்மஞ்சள் சப்பாத்தைக் கட்டிலடியிலிருந்து எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"எழும்புங்க. பெரியம்மா பாத்துக்கிட்டு இருக்கும்."

அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். "நடந்து என்னாத்தக் கண்டோம்?"

"டாக்டர் என்னா சொன்னாரு? கொஞ்சம் கொஞ்சமாத்தான் எறங்கும்னாரு."

"அண்ணனும்தான் நடந்தாரு. கம்பூன்றிக்கிட்டு நடந்தாரு. மிச்சமிருந்த கால வச்சுக்கிட்டு நடந்தாரு."

"நீங்க ஒங்க அண்ணன் இல்ல."

"நீ போ சிவகாமி. இந்த வயசுல பூவு வச்சுக்கிட்டு, இல்லாத கெழவிக்கு வெத்தல வாங்கிக்கிட்டு... ஊருக்குத் தெரிஞ்சா காறித் துப்பும். கூத்தாடுற வயசா நமக்கு?"

சொல்லி முடித்ததும் வீடு அமைதியானது. வெறும் அமைதி இல்லை. சட்டியில் எண்ணெய் காய்ந்து புகைவதற்கு முன்னால் வருமே, அந்த அமைதி. திரும்பிப் பார்த்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். அவர் திரும்பவில்லை. ரோஜாவைக் கொண்டையிலிருந்து உருவி மேசையில் போடுகிற சத்தம் கேட்டது. ஒரு பூ விழுவதில் அவ்வளவு சத்தம் இருக்கும் என்று அவர் அதுவரை அறிந்ததில்லை. பிறகு கதவு.

சுவரில் ஒரு வெடிப்பு இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு கிடந்தார். அது எந்த ஊருக்குப் போகிற பாதை மாதிரி இருக்கிறது என்று சிவகாமியிடம் கேட்டால் பட்டிப்பொலைக்கு என்பாள். அப்படி எண்ணியதும் நெஞ்சுக்குள் ஏதோ கடித்தது. அது மட்டும் நன்றாக வலித்தது.

எவ்வளவு நேரம் போனதோ, வாசலில் ஒரு அலறல் கேட்டது. கூரைத் தகரம் ஒரு அடி எழும்பி உட்கார்ந்தது.

"ஐயோ, பட்டிப்பொலை ராசாத்தி! வெத்தல போட்ட வாயி வெளுத்துப் போச்சோ! ரயிலு நின்ன சீமையில ஒன் மூச்சு நின்னு போச்சோ!"

அடித்துப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாசலில் வேலாயி நெஞ்சில் அடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் ராக்காயி. அவளுக்குப் பின்னால் லயத்துப் பெண்கள் பாதிப் பேர், தலையில் கை வைத்துக்கொண்டு. ரோட்டில் தோட்டத்து ஆட்டோக்காரன் லோஜன் வண்டியைத் திருப்பி நிறுத்திக்கொண்டிருந்தான்.

"யாரு செத்தது?" என்றார் கணேசமூர்த்தி.

"ஐயாவுக்குப் புத்தி கலங்கிருச்சுடி!" என்று வேலாயி ராக்காயியிடம் சொல்லிவிட்டு இவரிடம் திரும்பினாள். "பெரியம்மாய்யா! டீச்சர் தனியாப் போறத பீலியடியில பாத்தேன். ஐயா வரலியா, பெரியம்மா எப்டி இருக்குன்னு கேட்டேன். 'செத்துப் போச்சு'ன்னு ஒரே வார்த்த. நிக்கக்கூட இல்ல. கண்ணெல்லாம் தண்ணி."

கணேசமூர்த்தி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

ஆணி ஏறியது தெரியாத காலுக்கும் இது தெரிந்தது. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை இறங்கியது. பெரியம்மா என்பது யார்? முறுக்கு, தராசு, செடியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு, விரல் விரலாக விலக்கிப் பார்த்த கை. அதைத்தான் செத்துப்போச்சு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அவர்தான் சற்று முன் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டே அதைக் கொன்றார்.

அவள் போனுக்கு அடித்தார். அடுப்படித் தட்டில் அது மணியடித்தது.

"ஏறுங்க ஐயா, ரயிலுக்கு நேரம் சரியா இருக்கும்" என்றான் லோஜன். "நாளைக்குத்தானே எடுப்பாங்க? பின்னால வேன் சொல்லியிருக்கு. தோட்டத்துலருந்து ஒரு முப்பது பேராவது போவோம். ஒத்தையா விட்டுருவோமா ஒங்கள?"

அவன் விட்டாலும் ஊர் விடாது. கேதத்துக்குப் போகிறவனைத் தனியே அனுப்புகிற வழக்கம் அந்த மலையில் இல்லை. ஒரு வேன் நிறைய ஆட்கள் பட்டிப்பொலை ஸ்டேஷனில் இறங்கி, கண்ணீரோடு பெரியம்மா வீட்டைத் தேடுகிற காட்சி அவருக்கு முன்னால் வந்து நின்றது. அது ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. சிவகாமி எங்கே உட்கார்ந்திருப்பாள் என்பதுதான் பெரிதாக இருந்தது.

"யாரு சொன்னது செத்துருச்சுன்னு?" என்று அவர் போட்ட சத்தம், கணக்கப்பிள்ளையாக இருந்த காலத்துச் சத்தம். "உசுரு இருக்கு! டீச்சர் அவசரப்பட்டுருச்சு. இழுத்துக்கிட்டுத்தான் கெடக்கு. நான் போயிப் பாக்குறேன்."

பாதி ஒப்பாரியில் வேலாயியின் வாய் திறந்தபடியே நின்றது. எடுத்த ஒப்பாரியை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

செம்மஞ்சள் சப்பாத்துக்குள் காலை நுழைத்தார். கயிற்றைக் கட்டக் குனிந்தால் வயிறு வழிமறித்தது. அப்படியே இழுத்துச் சொருகிக்கொண்டு கிளம்பினார். லோஜனின் ஆட்டோவைத் தாண்டி, பீலியைத் தாண்டி, வளைவில் மேல் மலைப் பாதையில் திரும்பினார்.

"ஐயா!" என்று பின்னால் வேலாயி கூப்பிட்டாள். "பட்டிப்பொலைக்கு மேல் மல வழியா எப்பலேருந்து ரயிலு ஓடுது?"

ஏற்றத்தில் பேச அவரிடம் மூச்சு இல்லை. கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தார். மற்றவர்களெல்லாம் கீழே நின்றுவிட்டார்கள். வேலாயியும் ராக்காயியும் மட்டும் வந்துகொண்டிருந்தார்கள். வேலாயி கக்கத்தில் ஒரு துணிப் பொட்டலம். அவர் நின்றால் அவர்களும் நின்றார்கள். நடந்தால் நடந்தார்கள்.

மலை அன்றைக்கு அவர் மேல் பழைய கோபத்தையெல்லாம் தீர்த்துக்கொண்டது. ஒரு படிக்கட்டு ஏறினால் இரண்டு முளைத்தது. நெஞ்சு உலைத் துருத்தி மாதிரி அடித்தது. ஒரு தடவை செடிகளுக்கிடையில் உட்கார்ந்தே விட்டார். பனி வந்து மூடியது. போய்விடலாம், கட்டிலில் படுத்துவிடலாம் என்று கட்டிலே குரல் கொடுத்த மாதிரி இருந்தது. இத்தனை நாளும் இந்த ஏற்றத்தில் அவள் பக்கத்தில் வந்தாள், பெரியம்மாவின் இரண்டாவது புருஷனைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொண்டே. பேச்சில் ஏற்றம் தெரியாது. இன்றைக்கு ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. கையை ஊன்றி எழுந்தார். நாய் ஒன்று அவரைத் தாண்டிப் போய், திரும்பிப் பார்த்து, இரக்கப்பட்டு நின்றது.

பனி விலகியபோது மடுவம் தெரிந்தது. அவர் எப்போதும் உட்காரும் கல்லில், முதுகைக் காட்டிக்கொண்டு, சிவகாமசுந்தரி. தலைக்கு மேலே தராசுக் கொக்கி ஆடிக்கொண்டிருந்தது. கொண்டையில் பூ இல்லை.

என்ன சொல்வது? மன்னித்துக்கொள் என்று அவர் யாரிடமும் சொல்லிப் பழகியதில்லை. வாயில் அதற்கு இடமே இல்லை. பின்னால் வளைவில் கிழவிகள் இருவரும் வந்துவிட்ட சத்தம் கேட்டது. இருந்த மூச்சையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தார்.

"சிவகாமி! பெரியம்மா எப்டி இருக்கு?"

அவள் திரும்பவில்லை. மேகம் ஒன்று மலையைத் தாண்டிப் போய், எதையோ மறந்து வைத்துவிட்ட மாதிரித் திரும்பி வந்தது. கணேசமூர்த்தி நின்ற இடத்திலேயே நின்றார். வேலாயி மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். அவள் பிறந்த நாளிலிருந்து அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை.

"கண்ணு முழிச்சிருச்சு" என்றாள் சிவகாமசுந்தரி, மலையைப் பார்த்தபடி. கொஞ்சம் கழித்து, "ஒங்களத்தான் கேக்குது. எங்க அந்தத் தடியன்னு" என்றாள்.

வேலாயி முன்னால் வந்து பொட்டலத்தைக் கல்லின்மேல் வைத்தாள். தனக்கென்று பெட்டியில் எடுத்து வைத்திருந்த புதுக் கோடித் துணி.

"உசுரு இருக்குன்னா நாங்க எறங்குறோம் டீச்சர். இது இங்கயே இருக்கட்டும். கேதத்துக்குன்னு எடுத்தத திரும்ப வீட்டுக்குள்ள கொண்டு போகக் கூடாது." பிறகு மடுவத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். முறுக்குத் துணுக்கு ஒன்றை எறும்புகள் தேர் மாதிரி இழுத்துக்கொண்டு போயின. "பட்டிப்பொலை ரொம்பத் தூரம்னு நெனச்சேன் ஐயா. இவ்வளவு கிட்டத்துலயா இருந்துச்சு! சேவலுக்குத்தான் கெட்ட காலம்."

ராக்காயி வாயைப் பொத்திக்கொண்டாள். இருவரும் இறங்கிப் போகும்போது தேயிலைக்குள்ளிருந்து சிரிப்பு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

கணேசமூர்த்தி கல்லில் உட்கார்ந்தார். அவள் கண் கீழே போனது.

"மேஸ் எங்க?"

அப்போதுதான் அவருக்கும் நினைவு வந்தது. அவள் குனிந்து சப்பாத்தை உருவினாள். பெருவிரல் பக்கத்தில் தோல் உரிந்து, சப்பாத்துக்குள் ஈரமாக, சிவப்பாக இருந்தது. கீழேயிருந்து மேலே வரை அதோடேயே ஏறியிருக்கிறார். அவள் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேலாயியின் கோடித் துணியின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். புதுத்துணி கிழிகிற சத்தம் மலைக்கெல்லாம் கேட்டது.

"நாளைக்கு மொத பஸ்ஸுல கிளினிக்" என்றாள்.

"ம்."

"ம் இல்ல. சொல்லுங்க."

"போவோம்" என்றார். "அண்ணன நெனச்சா பயமா இருக்கு சிவகாமி."

அதை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் கை ஒரு நிமிஷம் நின்றது. பிறகு துணியைச் சுற்றினாள், சுற்றி இறுக்கினாள். தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"வலிக்குதா?"

கணேசமூர்த்தி தன் காலைப் பார்த்தார். அது யாருடைய காலோ மாதிரி அவள் மடியில் கிடந்தது. பெரியம்மாவைப் பெற்ற அதே வாய் திறந்தது.

"ஆமா. லேசா வலிக்குது."

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். டீச்சரின் பார்வை, எந்தப் பிள்ளையும் அதன் முன்னால் தப்பியதில்லை. கண் நிறைந்து நின்றது, ஆனால் உதட்டோரம் என்னவோ அசைந்தது.

"பொய்" என்றாள், முடிச்சை இன்னொரு தடவை இழுத்துக்கொண்டே.